ஊர்ச் சபை எந்த ஆண்டில் பிறந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊர்த் தேவாலயங்களின் நூற்றாண்டு மலர்களும் இருநூறாண்டு மலர்களும் இப்போது பெரும்பாலும் கொழும்பில்தான் அச்சாகின்றன. மலர்க்குழுவில் பாதிப்பேர் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இருப்பார்கள், மீதிப்பேர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பார்கள். ஊரில் எஞ்சியிருப்பவர்கள் போதகரும் ஆலயத்துச் சாவியை வைத்திருப்பவரும்தான். இந்த நிலையில் ‘வரலாற்றுச் சுருக்கம்’ என்று வரும் நாலு பக்கம் முந்திய மலரைப் பார்த்து எழுதப்படுகிறது, முந்திய மலர் அதற்கு முந்தியதைப் பார்த்து எழுதப்பட்டது. ஒருமுறை விழுந்த பிழை மூன்று தலைமுறைக்கு நிற்கிறது. அதே சுருக்கம் பிறகு ஞாயிறு இதழ்களில் கட்டுரையாகவும் வருவதால் இதை உங்களுக்கு எழுதவேண்டியிருக்கிறது.

இங்கே சொல்வது மெதடிஸ்த, அமெரிக்கன் மிஷன், பப்டிஸ்ட் சபைகளுக்கு மட்டும் உரியது. இங்கிலாந்தில் 1662இல் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டத்துக்கு இணங்க மறுத்து ஏறக்குறைய 2000 போதகர்கள் அரச சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களின் வழி வந்தவர்களையும், பிறகு தனியாகப் பிரிந்த மெதடிஸ்தரையும் சேர்த்து நொன்கன்போமிஸ்ட் என்பார்கள். அரச சபைக்கு இணங்காதவர்கள் என்று பொருள். அமெரிக்கன் மிஷன்காரர் பெரும்பாலும் கொங்கிரிகேஷனல் மரபினர் (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்தும் முறை), ஆகையால் அவர்களும் இந்தக் குடும்பம்தான். ஆனால் சுண்டுக்குளி, நல்லூர்ப் பக்கத்து சீ.எம்.எஸ். (சேர்ச் மிஷனரி சொசைற்றி) சபைகள் அங்கிலிக்கன் சபைகள், அதாவது அந்த அரச சபையைச் சேர்ந்தவை. நம் மலர்கள் எல்லாவற்றையும் ‘ஆங்கிலேய மிஷனரிமார் கட்டிய கோயில்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகின்றன. ஊரில் எல்லாம் ‘வேதக்கோயில்’தான், அது சரி. ஆனால் வரலாறு எழுதப் புறப்பட்டவருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால் ஆவணத்தைத் தேடிப் போகும் இடமே பிழைத்துவிடும். மெதடிஸ்த மிஷனின் கடிதங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்கன் மிஷனின் கடிதங்கள் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து ஹூட்டன் நூலகத்தில், பப்டிஸ்ட் மிஷனின் கடிதங்கள் ஒக்ஸ்ஃபோர்டில் ஏங்கஸ் நூலகத்தில், சீ.எம்.எஸ். கடிதங்கள் பேர்மிங்ஹாமில். தவறான கதவைத் தட்டிவிட்டு ‘எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் இல்லையாம்’ என்று எழுதியவர்கள் உண்டு.

எந்தச் சபை என்று தெரியாமல் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் நிற்க நேர்ந்தால் பெயரைப் பாருங்கள். பழைய கல்லில் ‘தூய’ என்று ஒரு புனிதரின் பெயர் வெட்டியிருந்தால் பெரும்பாலும் அங்கிலிக்கன். ஊரின் பெயரோ தெருவின் பெயரோ மட்டும் இருந்தால் மற்றவர்கள். பிற்காலத்தில் மெதடிஸ்தரும் புனிதர்களின் பெயரை வைக்கத் தொடங்கினார்கள், ஆகையால் புதுப் பெயர்ப்பலகையை நம்பவேண்டாம். பப்டிஸ்ட் ஆலயமானால் தரைக்குக் கீழேயோ பக்கத்திலோ முழுக்குத் தொட்டி இருக்கும்.

இனி ஆண்டுக்கு வருவோம். சண்டை வருவதும் இதில்தான்.

ஓர் ஊர்ச் சபைக்குப் பிறந்தநாள் ஒன்றல்ல. முதலில் திண்ணையிலோ கிடுகுக் கொட்டிலிலோ பள்ளிக்கூடம் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை அதே கொட்டிலில் ஆராதனை நடக்கும். அது ஓர் ஆண்டு. சில காலம் கழித்து அங்கத்தவர்கள் சேர்ந்து சபையாக ஒழுங்கமைக்கப்படுவார்கள். அமெரிக்கன் மிஷன் சபையானால் அன்றைக்கு ஓர் உடன்படிக்கையை வாசித்து ஏற்றுக்கொண்டு, அங்கத்தவர் பெயரை முதலாம் இலக்கத்தில் இருந்து எழுதத் தொடங்குவார்கள். அது இரண்டாவது ஆண்டு. காணி உறுதி முடிந்தது மூன்றாவது. அடிக்கல் நட்டது நாலாவது, கட்டடம் திறந்தது ஐந்தாவது. காசு முடிந்து சுவர் பாதியில் நின்றுபோவது சாதாரணமாகையால் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் பல வருஷம் போகலாம். இந்த ஐந்தில் எதையும் விழாவுக்கு எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தோம் என்று சொல்லாமல் ‘நிறுவப்பட்டது’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதுதான் பிழை. ஒரே சபை நூற்றாண்டைக் கட்டடத்தின் ஆண்டில் கொண்டாடிவிட்டு, நூற்றைம்பதைப் பள்ளிக்கூடத்தின் ஆண்டில் கொண்டாடினால் இடையில் 20, 30 வருஷம் காணாமற் போய்விடும்.

இதைவிட மோசமானது, மிஷனரிமார் இலங்கைக்கு வந்த ஆண்டையே ஊர்ச் சபையின் ஆண்டாகப் போடுவது. வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரிமார் 1814 ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் அதற்கு முன்னரே மே 3இல் கடலில் இறந்துவிட்டார். இறங்கியவர்களில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போனார்கள், வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குப் போனார். ஓல்ட் 1815 ஏப்ரல் 1இல் இறந்தார். மட்டக்களப்பில் அவர் வாழ்ந்தது எட்டு மாதம் அளவில்தான். அந்த எட்டு மாதத்தில் அவர் செய்த வேலை பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் எழுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை) முழுவதும் ஊருக்கொரு கோயிலை அவரே கட்டினார் என்றால் அந்த மனிதருக்கு நித்திரை கொள்ளவும் நேரம் இருந்திராது.

அமெரிக்கன் மிஷனுக்கும் இப்படி ஓர் உரைகல் உண்டு. முதற்குழு 1816இல் கொழும்பில் இறங்கி அதே ஆண்டில் யாழ்ப்பாணம் போய்த் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்தது. அடுத்த குழு 1820 அளவில் வந்து சேர்ந்தது. அதன்பிறகு, புதிய அமெரிக்க மிஷனரிமார் வரக்கூடாது என்று இலங்கை அரசு தடுத்துவிட்டது. அந்தத் தடை நீங்கி அடுத்த குழு வந்தது 1833இல். ஆகவே ‘1826இல் அமெரிக்காவில் இருந்து வந்த இன்னார் எங்கள் ஆலயத்தைத் தொடங்கினார்’ என்று ஒரு மலர் சொன்னால் ஆண்டு பிழை, இல்லாவிட்டால் ஆள் பிழை. 1855ஐயும் கவனிக்கவேண்டும். அந்த ஆண்டு பொஸ்டனில் இருந்து மிஷன் தலைமையகத்துச் செயலாளர் ரூஃபஸ் அன்டர்சன் வந்து பார்த்துப் போனார். சுதேசப் போதகர்களின் கீழ் ஊர்ச் சபைகள் தம் காலில் நிற்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. மிஷனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டுதான். ஊர்ச் சபைகள் பல தனிச் சபைகளாக ஒழுங்கானதை அந்த ஆண்டையொட்டியும் அதற்குப் பிறகும் தேடிப்பார்ப்பது நல்லது.

அடுத்தது ‘நானூறு வருஷப் பழைமை’ என்ற பெருமை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை போன்ற இடங்களில் அமெரிக்கருக்குக் கிடைத்தவை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பாவித்த கோயில்களின் இடிபாடுகள். சுவர் பழையது, சபை 1816க்குப் பிந்தியது. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தோம்பில் (ஒல்லாந்தரின் பதிவேட்டில்) பெயர் பதிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உத்தியோகத்துக்கும் கலியாணப் பதிவுக்கும் அது தேவைப்பட்டது. ஆட்சி மாறியதும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் பழையபடி சைவக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அவர்களை இன்றைய சபையின் மூதாதையராகக் கணக்கில் சேர்ப்பதற்கு ஆதாரம் வேண்டும். இன்னொன்று, ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைதான் அவர்கள் ஆண்ட காலத்தில் அரச சபை. கொழும்பு வுல்பெண்டால் ஆலயம் அதன் மிச்சம். 1796இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பிறகு அதுவே அரச சபைக்கு வெளியே நிற்கவேண்டி வந்தது.

கல்வெட்டு இருக்கிறதே, அதில் என்ன பிழை வரும் என்று கேட்பார்கள். வரும். பழைய கற்களில் ஆண்டு தமிழ் இலக்கத்தில் இருக்கும். ௪ என்பது நாலு, ௬ என்பது ஆறு. இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான், ஆறுக்குக் கீழே ஒரு சுழி கூட. உப்புக் காற்றில் கல் தேய்ந்தாலும், சுண்ணாம்பு அடித்து அடித்து வெட்டு நிரம்பினாலும் முதலில் மறைவது அந்தச் சுழிதான். ௧௮௬௪ என்று வெட்டியதை ௧௮௪௪ என்று படித்தால் சபைக்கு 20 வயது கூடிவிடும். ௨ஐ ௮ ஆகவும் மாறியும் படித்திருக்கிறார்கள். இன்னும் பழைய முறையானால் ௲, ௱, ௰ என்ற குறிகளோடு ௲௮௱௬௰௪ என்று நிற்கும். அது தெரியாதவர் குறிகளை எழுத்தென்று நினைத்து விட்டுவிடுவார்.

அப்படிப்பட்ட கல்லைச் சுரண்டக்கூடாது, அமிலம் போட்டுக் கழுவவும் கூடாது. எழுத்து தெரியட்டும் என்று அதற்குமேல் கறுப்புப் பெயின்ற் பூசுவது எல்லாவற்றிலும் கெட்டது. பூசுகிறவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் பூசுவார், அதன்பிறகு எல்லாரும் படிப்பது அவருடைய எழுத்தை. இருட்டியபின் ஒரு ரோச் லைற்றைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும். இடது பக்கம், வலது பக்கம், மேல், கீழ் என்று நாலு பக்கமும் வெளிச்சத்தை மாற்றி நாலு படம் எடுத்தால் மறைந்த சுழி ஏதாவது ஒன்றில் தெரிந்துவிடும். கல்லின் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுங்கள். நினைவுப் பலகைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: இறந்தவருக்குப் பலகை வைப்பது அவர் இறந்த ஆண்டில்தான் நடக்கும் என்றில்லை, பிள்ளைகள் உழைக்கத் தொடங்கியபிறகு வைப்பதே அதிகம்.

கூரையும் சாட்சி சொல்லும். கள்ளிக்கோட்டை ஓடு என்று நாங்கள் சொல்லும் தட்டை ஓட்டின் அடிப்பக்கத்தில் செய்த ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷன் மங்களூரில் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கியது 1865இல். அந்த முத்திரை உள்ள கூரை அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. ஆனால் ஓடு மாற்றும்போது வேறு கட்டடத்து ஓடுகளையும் கலந்து போடுவார்கள், ஒரு ஓட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கூரையின் இரு பக்கத்திலும் பத்துப் பதினைந்து ஓட்டையாவது திருப்பிப் பாருங்கள். கூரை தரும் ஆண்டு கூரைக்குத்தான், சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். மணியில் வார்த்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். அதுவும் மணியின் ஆண்டுதான், கோபுரத்தின் ஆண்டல்ல.

விழாவுக்கு முன் திருப்பணி என்ற வழக்கம் இந்தச் சாட்சிகளை எல்லாம் தின்றுவிடுகிறது. தரைக்கு மாபிள் ஓடு ஒட்டும்போது கீழே இருக்கும் கல்லறைக் கற்கள் மூடப்படுகின்றன. சுவரைச் சீமெந்தால் பூசும்போது பலகை பதித்திருந்த குழியும் அடைபடுகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு எப்படியும் ஆகாது. நிலத்தில் இருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, உப்புப் பூத்து, சில மாரிக்குள் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும், கல்லையும் கொஞ்சம் கொண்டுபோகும். நன்றாக நீர்த்து ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு என்று பழைய முறையிலேயே பூசி, ஒரு கிழமையாவது ஈரச் சாக்கால் மூடி வைக்கவேண்டும். கொந்தராத்துக்காரர் இதற்கு நாளாகும் என்பார். ஆகத்தான் செய்யும். எப்படியென்றாலும் படம் எடுத்து முடியும்வரை கொத்தனாரை உள்ளே விடவேண்டாம்.

கட்டடத்தைவிடச் சொல்வது அதிகம் கொண்டவை புத்தகங்கள். ஓர் ஊர்ச் சபையில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, அங்கத்தவர் பட்டியல், கூட்டக் குறிப்பு, கணக்குப் புத்தகம் என்று ஆறாவது இருந்திருக்கும். மெதடிஸ்தரானால் வகுப்புப் புத்தகமும் உண்டு. ஒரு வகுப்புத் தலைவரின் கீழ் யார் யார், எந்தக் கிழமை வந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று அதில் தெரியும். மலர்க்குழுக்கள் இவற்றில் இருந்து எடுப்பது முதல் ஞானஸ்நானத்தின் தேதி ஒன்றைத்தான்.

படிக்கும்போது விழும் குழிகள் சில. மெதடிஸ்த அறிக்கைகளில் ‘அங்கத்தவர்’ என்றால் முழு அங்கத்தவர் மட்டும்தான், பரீட்சார்த்த அங்கத்தவர் தனி. ஞாயிற்றுக்கிழமை வந்து இருந்தவர்கள் இரண்டிலும் அடங்கமாட்டார்கள். அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து ‘அன்று ஊரில் இவ்வளவு பேர்தான் கிறிஸ்தவர்கள்’ என்று எழுதுவது தவறு. பப்டிஸ்ட் பதிவேட்டில் இருப்பது வயதுவந்தோரின் முழுக்கு, அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணிக்கமுடியாது. ஆங்கிலப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற பத்தியில் நம்மவர்கள் தகப்பன் பெயரை எழுதியிருப்பார்கள். அதனால் ஒரே குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை வேறு குடும்பம்போலத் தோன்றும்.

பெயரில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்கன் மிஷனின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிப்பிக்கக் காசு அனுப்பிய அமெரிக்கரின் பெயரையோ, அவர்கள் விரும்பிய ஒருவரின் பெயரையோ அந்தப் பிள்ளைக்கு வைத்தார்கள். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் யாழ்ப்பாணத் தமிழர்கள். ஆனல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களில் முன்பாதி அப்படி வந்ததுதான். நைல்ஸ் என்ற பெயரும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெயர், உலகத் திருச்சபை மன்றத்தின் 1948 தொடக்க ஆராதனையில் பிரசங்கித்த டி. ரி. நைல்ஸ் அந்தக் குடும்பம். இது தெரியாமல், பதிவேட்டில் இப்படியான ஒரு பெயரைக் கண்டதும் ‘வெள்ளைக்கார மிஷனரி’ என்ற தலைப்பின் கீழ்ப் போட்டுவிடுகிறார்கள். சொந்த ஊரான் சொந்த ஊர் மலரிலேயே அந்நியனாகிறான்.

போதகர் பெயர்ப் பலகையும் இப்படித்தான். சுவரில் தொங்கும் அந்தப் பலகையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சேகரத்துக்கு (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்துக்கு) பொறுப்பாக இருந்த முகாமைக்குருமார். வெஸ்லியன் முறையில் சில வருஷத்துக்கொருமுறை அவர்கள் மாறிவிடுவார்கள். யார் எங்கே என்ற பட்டியலை மகாநாட்டு அறிக்கை ஆண்டுதோறும் அச்சிட்டது, ஆகையால் அந்தப் பட்டியலைத் திருத்துவது லேசு. ஆனால் ஊரில் குடியிருந்து ஞாயிறு ஆராதனை நடத்தி, பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து, பிரேதத்துக்கு முன்னால் நடந்துபோனவர் உபதேசியார். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கணக்குப் புத்தகத்தில், மாதச் சம்பளம் வாங்கிய கையெழுத்தாக இருக்கும். வேதக்காரப் பெண்களையும் பள்ளிக்கூட வாத்தியார்மாரையும் தேடவேண்டிய இடமும் அதுதான்.

அந்தக் கணக்குப் புத்தகம் ஒன்றைத் திறந்து பார்த்தால் பிடியரிசி என்று ஒரு பத்தி வரும். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று பானையில் எடுத்துவைத்த பெண்களின் கணக்கு அது. கொத்து, சுண்டு என்று எழுதியிருப்பார்கள், நாலு சுண்டு ஒரு கொத்து. சேர்ந்த அரிசியை விற்ற காசு கீழே வரவில் விழும். போதகரின் சம்பளத்துக்கு அதில் இருந்து போயிருக்கும். ஆண்களின் கையொப்பம் உள்ள கூட்டக் குறிப்பில் இந்தப் பெண்கள் ஒருவரும் இல்லை.

காசைப் பற்றி எழுதும்போது அவதானம் வேண்டும். 1825 வரைக்கும் கணக்கு இறைசாலில் (ரிக்ஸ் டொலர்): 12 பணம் ஓர் இறைசால், ஓர் இறைசால் ஒரு சிலிங் ஆறு பென்ஸ். பிறகு பவுண், சிலிங், பென்ஸ். ரூபாய் சதத்தில் அரசாங்கக் கணக்கு வந்தது 1872இல். இந்திய ரூபாய் வடக்கில் அதற்கு முன்னரும் புழங்கியதால் பழைய கணக்கில் ரூபாய் என்று இருந்தால் சதம் இருக்கிறதா, அணா இருக்கிறதா என்று பாருங்கள். அணா இருந்தால் அது இந்திய ரூபாய். 1830இல் கட்டிய கொட்டிலுக்கு ‘ரூபாய் 500.00 செலவானது’ என்று அச்சிட்டிருந்தால் யாரோ பின்னால் மாற்றிக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

காணியும் அப்படித்தான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாற நொத்தாரிசு உறுதி வேண்டும். அதற்கு முந்திய கொடை ஓலையில் இருக்கலாம். யாழ்ப்பாண உறுதியில் பரப்புக் கணக்கு வரும், 16 பரப்பு ஓர் ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். இது வரகுப் பரப்புக்கு. நெற்பரப்பு என்று எழுதியிருந்தால் அளவு வேறு, அதே வாய்பாட்டைப் போடக்கூடாது. எல்லையில் ‘வடக்கு இன்னார் காணி’ என்று இருக்கும் பெயர்கள் அந்தக் காலத்து அயலவர் பட்டியலாகவும் பயன்படும்.

இனிக் கொழும்பில் இருப்பவர்கள் செய்யக்கூடியது. ஊருக்குப் போகாமலே பாதி வேலை இங்கே முடியும். கொழும்பு 07இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1802இல் இருந்து வந்த அரசாங்க வர்த்தமானிகள் இருக்கின்றன. திருமணம் நடத்தப் பதிவுபெற்ற வணக்கத்தலங்களின் அறிவித்தல்கள் அவற்றில் வரும். பதிவுபெற்ற ஆண்டில் கட்டடம் நின்றது நிச்சயம். அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிட்ட நீலப் புத்தகங்களில் சமயப் பகுதி ஒன்று உண்டு. ஆலயம் எங்கே, எத்தனை பேர் இருக்க இடம், எத்தனை பேர் வருகிறார்கள் என்ற பத்திகளை அதில் பாருங்கள், அரச சபைக்கு வெளியே நின்றவர்களையும் அங்கே தேடலாம். அரசாங்கப் பணம் அங்கிலிக்கன் குருமாருக்குப் போவது 1880களில் நிறுத்தப்படும்வரை இந்தக் கணக்கை அவர்கள் கவனமாக வைத்திருந்தார்கள். பழைய மலர்களை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். பொஸ்டனில் அச்சான மிஷனரி ஹெரல்ட் இதழின் 19ஆம் நூற்றாண்டுத் தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் தேடினால் அகப்படாது, வட்டுக்கோட்டையை அவர்கள் ‘பற்றிக்கோற்றா’ என்றுதான் எழுதினார்கள். சபையின் பெயரையும் காலத்துக்கேற்ப மாற்றித் தேடவேண்டும். 1932க்கு முன்னர் ‘வெஸ்லியன்’, பிறகு ‘மெதடிஸ்த’. இலங்கை மெதடிஸ்த சபை தன்னாட்சி பெற்றது 1964இல். அமெரிக்கன் மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்து யாழ் ஆதீனமாயின. அன்றுமுதல் பேராயர் உண்டு, அதற்குப் பிந்திய காலத்துக்கு நொன்கன்போமிஸ்ட் என்ற பெயர் அவர்களுக்குப் பொருந்தாது.

புத்தகங்களில் எங்கே இடைவெளி வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். மட்டக்களப்பில் 1978 நவம்பர் 23 சூறாவளி, கரையோரத்தில் 2004 டிசம்பர் கடல்கோள், வலிகாமத்தில் 1990இல் இருந்து உயர் பாதுகாப்பு வலயம், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, வன்னியில் 2009 இறுதிப் போர். குருமனையில் இருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடிய பதிவேடுகள் எல்லாம் திரும்பிப் போய்ச் சேரவில்லை. சில கொழும்பு வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. வைத்திருப்பவர் இறந்தபின் பழைய பேப்பரோடு போய்விடும். இவற்றை முதலில் படம் எடுக்கவேண்டும், மூலத்தைச் சபையிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். திருமணப் பதிவேடு 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வைக்கப்படும் சட்ட ஆவணம், அது வீட்டில் இருக்கவேண்டிய பொருளே அல்ல.

படம் எடுக்க ஒரு கைத்தொலைபேசி போதும். இருவர் இருந்தால் 200 பக்கப் பதிவேட்டை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடிக்கலாம். யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். புத்தகத்தின் இரு பக்கத்திலும் தலையணை வைத்து, முதுகு முறியாத அளவுக்கு மட்டும் விரியுங்கள். அட்டை, முதுகு, வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். வெற்றுப் பக்கத்தின் மூலையில்தான் பென்சிலில் முக்கியமான குறிப்பு இருக்கும். ‘ஸ்கானர்’ செயலிகளைப் பாவிக்கவேண்டாம், அவை படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மங்கிய கபில மையையும் பென்சிலையும் அழித்துவிடும். சாதாரண வண்ணப் படமே நல்லது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், கோப்பாக அனுப்புங்கள். ஒட்டிய தாளைக் கத்தியால் பிரிப்பது, கிழிந்ததைச் செலோடேப்பால் ஒட்டுவது, லமினேற் பண்ணுவது மூன்றும் கூடாது. செலோடேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தோடு தாளைத் தின்னும், லமினேற்றை இனிக் கழற்றமுடியாது. பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டினால் கொழும்பு ஈரப்பதனுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் முட்டாமல், நிலத்தில் இருந்து ஓர் அடி உயரத்தில், இரும்பு அலுமாரியில் வைத்தால் கறையானுக்கும் தூரம்.

படித்ததை எல்லாம் அச்சிடவும் கூடாது. தகப்பன் பெயர் வெறுமையாக உள்ள ஞானஸ்நானப் பதிவுகள், சபை ஒழுங்கின் கீழ் விலக்கப்பட்டவர்களின் பெயர்கள் எல்லாம் அந்தப் புத்தகங்களில் இருக்கும். நூறு வருஷத்துக்கு உட்பட்ட பதிவுகளில் தனிமனிதரின் பெயரை விட்டுவிடுவது நாகரிகம். ஆனால் அதே நாகரிகத்தைச் சாக்காக வைத்து, யார் வாங்கில் இருந்தார்கள், யார் தரையில் பாயில் இருந்தார்கள், அது எப்போது மாறியது என்ற விஷயத்தை மலர் முழுவதும் மூடிவைப்பது வேறு கதை. பெயரில்லாமலே அதை எழுதலாம். கூட்டக் குறிப்புகளில் அது இருக்கிறது.

மலரின் வரலாற்றுப் பகுதியில் ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் அது எதில் இருந்து எடுக்கப்பட்டது என்று இரண்டே சொல் போட்டால் போதும்: கல்லில், உறுதியில், பதிவேட்டில், முந்திய மலரில், வாய்மொழியாக. ‘முந்திய மலரில்’ என்பது எத்தனை தரம் வருகிறது என்று குழுவே எண்ணிப் பார்க்கட்டும். தங்களுக்கு ஆலய வரலாற்றுக் கட்டுரை வரும்போதும் அதே கேள்வியை எழுதியவரிடம் கேட்டு, பதில் வந்தபின் பிரசுரிக்குமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
ஊர்ச் சபைப் பதிவேடுகளைப் படியெடுக்கும் வாசகர்கள் சிலர்,
கொழும்பு 06.